ஊ நூவின் நாட்டிலிருந்து வந்தவர்கள்: வடசென்னைப் பயணக் குறிப்புகள்

வியாழன், பாரிமுனை

பர்மா பஜார் காலையில் பார்க்கிற இடமில்லை. பீச் ஸ்டேஷனில் இறங்கி பாரிமுனைப் பக்கம் நடந்தபோது பாதிக் கடைகளில் ஷட்டர் ஏறவே இல்லை. திறந்திருந்த கடைகளில் போன் கவர், சார்ஜர், சென்ட் பாட்டில். பர்மா என்று சொல்ல அங்கே பெயரைத் தவிர ஒன்றும் கிடையாது. அரசாங்கம் வைத்த பெயர் அன்னை சத்யா பஜார். ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் முழிப்பார்.

எதற்கு வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மா 1948 ஜனவரி 4 விடிகாலை 4.20க்கு, ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தில் சுதந்திரம் அடைந்தது. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் முதல் பிரதமர் ஊ நூவும் அந்த நாட்டின் மற்றத் தலைவர்களும் ஒரே விஷயத்தை விடாமல் வாதாடினார்கள். மேற்குப் பக்கம் சாய்வதா, கம்யூனிஸ்டுகள் பக்கம் போவதா, யாரோடும் சேராமல் நிற்பதா? அணிசேராமை என்றாலே நமக்கு நேரு, நாசர், டிட்டோ படம்தான் ஞாபகம் வரும். பர்மாவில் நடந்த வாதம் இதைவிடச் சூடானது. தலைநகருக்கு வெளியே பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது நடந்த வாதம் அது. அந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் இங்கே வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் இருக்கிறார்கள். நூலகத்தில் படித்தது போதும், கொஞ்சம் அவர்களோடு உட்கார்ந்து பேசலாம் என்று திண்டுக்கல்லில் ரயிலேறினேன். தங்கல் வண்ணாரப்பேட்டையில், சித்தி மகன் வீட்டில்.

மத்தியானம் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பார்த்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சுட்டதில் எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள். சண்டை ஐரோப்பாவில், எண்ணெய் பர்மாவுடையது, எரிந்தது மதராஸில். வெள்ளைக்காரன் ஆட்சியில் ரங்கூனுக்கும் மதராஸுக்கும் யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்று முடிவுசெய்யும் உரிமையே இருந்ததில்லை. அது கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பற்றியே அடித்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

சாயங்காலம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. கடைக்கார அக்கா ஒரு அகலச் சட்டியில் ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டார். மேலே பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், கொஞ்சம் உப்பு. பேஜோ என்கிற பொரித்த மொறுமொறுத் தட்டையை நொறுக்கித் தூவி ஐந்து விரலாலும் பிசைந்தார். கூடவே வாழைத்தண்டு சூப், சூடாக. அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் திணித்ததையும் ஒன்று வாங்கிக்கொண்டேன். "ரங்கூன்ல சாப்ட்ருக்கீங்களா அக்கா?" என்றேன். "நான் பொறந்ததே ராயபுரம்ப்பா. ஆயாதான் அங்க இருந்து வந்தது" என்றார். வியாசர்பாடியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

வெள்ளி, மண்ணடி

இன்று அதிகம் நடக்கவில்லை. வெயில் கொன்றுவிட்டது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலை ஒட்டி நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தெருக்களுக்கும் பர்மாவுக்கும் கணக்கு வழக்கு ரொம்பப் பழையது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஐராவதி டெல்டா நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி அவர்கள் கையில். ஆக, சுதந்திர பர்மாவின் தலைவர்கள் 'அந்நியர்' என்று பேசும்போது அவர்கள் மனசில் இருந்தது லண்டன் மட்டும் இல்லை. 1948இலேயே நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் போட்டார்கள். நடுநிலை வாதத்தைப் படிக்கிற நம்மவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த வல்லரசின் கைக்குள்ளும் போகக் கூடாது என்ற வேகத்துக்கு அடியில், வெளியாள் கையில் சொத்து இருந்த கசப்பும் இருந்தது.

சுதந்திரத்துக்கு முன்பே வாதம் தொடங்கிவிட்டது. 1947 ஜூலை 19இல் விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சானையும் அவருடைய அமைச்சர்களையும் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். பொறுப்பு ஊ நூ தலையில் விழுந்தது. ஆகஸ்டில் பிரிட்டனோடு ஒரு ராணுவ ஒப்பந்தம், அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு பெரிய ஒப்பந்தம். பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று ரங்கூனிலேயே இருந்து பயிற்சி கொடுக்கும் என்று ஏற்பாடு. தான் துன் என்பவர் தலைமையிலான கம்யூனிஸ்டுகள் இது போலிச் சுதந்திரம் என்றார்கள். இன்னொரு பக்கம், குடியரசாக இருந்தால் காமன்வெல்த்தில் இடமில்லை என்ற விதி அப்போது இருந்தது. 1948இல் பர்மா வெளியே போய்விட்டது. அடுத்த வருஷமே, 1949இல், இந்தியாவுக்காக அந்த விதி தளர்ந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ரங்கூனில் அன்று பொறுப்பதற்கு நேரமே இல்லை.

சனி, வியாசர்பாடி

அத்தோ அக்கா சொன்ன டீக்கடை பேசின் பிரிட்ஜைத் தாண்டி உள்ளே, ஒரு சந்துக்குள். இரண்டு பெரியவர்கள். மூத்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பத்தைந்தைத் தாண்டியவர். இளையவர் எண்பதுக்குக் கொஞ்சம் கீழே, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி, மடியில் தமிழ்ப் பேப்பர். இருவரும் ரங்கூனில் பிறந்தவர்கள், இங்கே வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் தெரியுமாம்.

மூத்தவருக்கு 1949 ஞாபகம் இருக்கிறது. "இன்செயின்ல சுட்டா எங்க வீட்டு ஜன்னல் ஆடும் தம்பி. அப்பா எங்களை எல்லாம் கட்டிலுக்குக் கீழ படுக்க வச்சிருவாரு." இன்செயின் ரங்கூனிலிருந்து பத்து மைலுக்குள். அந்த வருஷம் ஜனவரி கடைசியில் கரென் இனக் கிளர்ச்சிப் படைகள் அதைப் பிடித்தன. கம்யூனிஸ்டுகள் அதற்கு முந்தைய மார்ச்சிலேயே ஆயுதம் தூக்கியிருந்தார்கள். பட்டாளத்திலேயே பல பிரிவுகள் எதிரணிக்குப் போய்விட்டன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஊ நூவின் அரசை ரங்கூன் அரசு என்று கிண்டல் செய்தன. அதற்கு மேல் அதன் கை நீளவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த ஆண்டு ஜூனில் ஊ நூ நாடாளுமன்றத்தில் எழுந்து, நம்மோடு பொது நலன் உள்ள நாடுகளுடன் பாதுகாப்புக்கும் பொருளாதாரத்துக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்ற பொருள்படப் பேசினார். பின்னால் நடுநிலையின் முகமாக உலகம் கொண்டாடிய அதே ஊ நூதான். வெளியுறவு அமைச்சர் எ மாங்கும் படைத் தலைவர் நே வினும் லண்டன் போனார்கள். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. இந்தியா ஆயுதம் கொடுத்தது. மறுவருஷம் காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து 60 லட்சம் பவுண்டு கடன் தர முன்வந்தன. அதற்கிடையில் சீனாவில் மாவோ ஜெயித்துவிட்டார். அந்த டிசம்பரிலேயே பர்மா மக்கள் சீனத்தை அங்கீகரித்தது. கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் அதுதான் முதல். அதே மாதம் ஊ நூ, எந்த வல்லரசு அணியோடும் சேர மாட்டோம், எங்கள் வழி தனி வழி என்றார். கள்ளிச் செடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிஞ்சுச் சுரைக்காய் நாம், அசைந்தாலே முள் குத்தும் என்ற மாதிரி அவர் சொன்னதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பர்மாவின் நடுநிலை தர்ம சாஸ்திரத்திலிருந்து இறங்கி வந்த கொள்கை இல்லை. மேற்கே கேட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. வடக்கே சீனா எழுந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் எல்லாரிடமும் வாங்கலாம், யாருக்கும் அடிமைப்பட வேண்டாம் என்ற கணக்குக்கு வந்தார்கள். அப்படி வந்ததால்தான் அது கொஞ்ச காலம் நின்றது.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் டீக்கடை சூடாகிவிட்டது. மூத்தவரின் அப்பா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சங்கத்து ஆள். இளையவரின் அப்பாவுக்குத் துணிக்கடை.

"ஊ நூ நல்ல மனுஷன்தான், யாரு இல்லன்னா? ஆனா கொரியாவுல அமெரிக்காக்காரன் பக்கம் கை தூக்கினாரே, அதுக்குப் பேரு நடுநிலையா?" என்றார் மூத்தவர்.

"அண்ணே, வடக்குக்காரன் எல்லை தாண்டி வந்தான். தப்பைத் தப்புன்னு சொன்னாரு. நம்ம வீட்டுக்குள்ள நாளைக்கு ஒருத்தன் வந்தா ஐநாவுலதானே போய் நிக்கணும்?"

"எங்கப்பா இதைக் கேட்டிருந்தா உன்னை அடிச்சிருப்பாரு."

"உங்கப்பா யாரைத்தான் அடிக்கல!"

டீ மாஸ்டர் வரைக்கும் சிரித்துவிட்டார். ஆனால் ரங்கூனில் 1950இல் நடந்ததும் இதே வாதம்தான். கொரிய விஷயத்தில் ஐநா தீர்மானத்தை ஊ நூ அரசு ஆதரித்தது. ஆளும் சோஷலிஸ்ட் கட்சியின் இடது பிரிவு, இது மேற்கின் வாலைப் பிடிப்பது என்று சொல்லிப் பிரிந்துபோய்த் தொழிலாளர் விவசாயிகள் கட்சி என்று தனியாகத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று ஐநா முத்திரை குத்தியபோது பர்மா எதிர்த்து வாக்களித்தது. எதிர்த்த ஏழு நாடுகளில் சோவியத் அணியில் இல்லாதவை இரண்டே, இந்தியாவும் பர்மாவும். முதல் முறை மேற்கோடு, இரண்டாம் முறை எதிரணியோடு. இளையவருக்கு இதுதான் நடுநிலை, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்ப்பது. மூத்தவருக்கு இது தடுமாற்றம். நான் இளையவர் கட்சி. அதைச் சொல்லாமல் இரண்டாவது டீ சொன்னேன்.

ஞாயிறு, ராயபுரம்

காலையில் காசிமேட்டில் மீன் கூட்டம், சித்தி மகனுக்காக ஒரு கிலோ வஞ்சிரம். வீட்டில் கொடுத்துவிட்டு ராயபுரம் வழியாகத் துறைமுகச் சுவரை ஒட்டி நடந்தேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகம் என்றதும் அரிசி. பர்மா அரிசி என்று மதராஸ்காரர்கள் ஒரு காலத்தில் தினம் சாப்பிட்டது இந்த வழியாகத்தான் இறங்கியது. 1950களில் பர்மாவின் நடுநிலைக்கு உண்மையான சோதனை வந்ததும் இந்த அரிசியால்தான்.

அதற்கு முன்னால் ஒரு பட்டாளக் கதை. 1950 தொடக்கத்தில், மாவோவிடம் தோற்றுப்போன சீனத் தேசியவாதக் கட்சியான கோமின்டாங்கின் படைகள் யுன்னானிலிருந்து பர்மாவின் ஷான் மாநிலத்துக்குள் இறங்கிக் கூடாரம் போட்டன. தளபதி லீ மி. அமெரிக்க உளவுத்துறை விமானத்தில் ஆயுதம் போட்டது. இதே அமெரிக்காவிடமிருந்துதான் பர்மா பொருளாதார உதவியும் வாங்கிக்கொண்டிருந்தது. 1953 மார்ச்சில் ரங்கூன் ஒரு முடிவெடுத்தது: ஜூன் 30க்குப் பிறகு உங்கள் உதவி வேண்டாம். அதே மாதம் ஐநாவில் புகார். பர்மாவுக்காக வாதாடியவர் நீதிபதி மியின் தெய்ன். ஏப்ரலில் ஐநா பொதுச்சபை, அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்றது. புகார், கோமின்டாங் அரசு ஒதுங்கியிருந்த தைவான் மேல். அமெரிக்காவைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. காசை மட்டும் திருப்பிவிட்டார்கள். இந்த நாசூக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. அடுத்த ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவக் குழுவையும் வழியனுப்பிவிட்டார்கள். தென்கிழக்காசியாவுக்கென்று அமெரிக்கா ராணுவக் கூட்டணி அமைத்தபோது அதிலும் சேரவில்லை.

கொரியப் போர் முடிந்ததும் அரிசி விலை விழுந்தது. கிடங்கில் மூட்டை தேங்கியது. 1954இல் இந்தியா 9 லட்சம் டன் வாங்கிக் கொஞ்சம் மூச்சு விட வைத்தது. அமெரிக்கா தன் உபரி அரிசியைச் சலுகையில் ஆசியச் சந்தையில் இறக்கத் தொடங்கியதும் மறுபடி கழுத்து நெரிந்தது. சோவியத்தும் சீனாவும் பண்டமாற்றுக்கு வந்தன. நடுநிலை என்ற பெயரில் கிழக்கே சாய்கிறோமா என்று ஆளும் கட்சிக்குள்ளேயே புகைச்சல். சோஷலிஸ்ட் தலைவர் சோ நியேன், மேற்கத்திய ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கிற நாம் சோவியத் பாணி ஏகாதிபத்தியத்தையும் கண்டிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அவர் பயம் முழுக்க வீண் இல்லை. அரிசிக்குப் பதிலாக வந்தவை எல்லாம் கேட்ட பொருள்கள் இல்லை. கிழக்கு அணி நாடுகளிலிருந்து தேவைக்கு மேல் வந்து குவிந்த சிமென்ட் ரங்கூன் துறைமுகத்தில் மழையில் இறுகிப்போனதைப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதை யோசித்தபோது சிரிப்பு வந்தது.

சோவியத் ஓட்டல், தொழில்நுட்பக் கல்லூரி, மருத்துவமனை எல்லாம் கட்டித் தருகிறோம் என்றபோது ஊ நூ சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. பதிலுக்கு அரிசியை அன்பளிப்பாகத் தருகிறோம் என்றார். மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுகிற நம்மூர் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். 1954 ஜூனில் சீனப் பிரதமர் சூ என்லாய் ரங்கூன் வந்தார், பஞ்சசீலம் பேசினார்கள். டிசம்பரில் ஊ நூ பெய்ஜிங் போய், உங்களைக் கண்டால் எங்களுக்குப் பயம் என்பதை ஒளிக்காமலே பேசினார். ஆறு வருஷம் கழித்து எல்லைத் தகராறு ஒப்பந்தமாக முடிந்தது. இந்தியா பட்டதைப் பார்க்கும்போது இது சின்ன விஷயமில்லை. ஊ நூவிடம் செயலராக இருந்த ஊ தாண்ட் 1961இல் ஐநாவுக்கே தலைமை ஏற்றார். இரண்டு வல்லரசுகளும் ஒத்துக்கொள்ளும் ஆள் வேண்டுமென்றால் ரங்கூனில் தேடு என்கிற அளவுக்குப் பெயர் இருந்தது.

திங்கள், எர்ணாவூர்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எர்ணாவூரில் பர்மா நகர் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சின்னச் சின்ன வீடுகள், வாசலில் தண்ணீர்க் குடங்கள், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் கெமிக்கல் வாடை. வியாசர்பாடிப் பெரியவர் சொல்லியனுப்பிய ஆயா, வீட்டுத் திண்ணையில் பேஜோ பொரித்து எடுத்து நியூஸ் பேப்பரில் ஆற வைத்துக்கொண்டிருந்தார். பேரன் அதை மாலையில் கடைகளுக்குப் போடுவானாம்.

1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். நடுநிலைதான் எங்கள் வெளியுறவுக் கொள்கை என்று அவரும் அறிவித்தார். அறிவிப்பு பழையது, நடந்தது வேறு. ஊ நூ காலத்தில் எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது. இவர் எல்லாருக்கும் சாத்தினார். அமெரிக்க அறக்கட்டளைகளை வெளியே அனுப்பினார், வெளிநாட்டுப் பயணிக்கு 24 மணி நேரம் மட்டும் விசா என்றார். 1963இல் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகள் அரசுக்குப் போயின. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வல்லரசை உள்ளே விடாத கொள்கை, உள்ளே இருந்தவனை வெளியே தள்ளும் கொள்கையாகிவிட்டது. பர்மாவின் நடுநிலையை இன்றைக்கும் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 1961ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். வியாசர்பாடிக்கு வந்திருந்தால் அப்படி நிறுத்த முடியாது. தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1,44,000 பேர் திரும்பி வந்ததாக அரசுக் கணக்கு.

ஆயாவின் அப்பாவுக்கு மளிகைக் கடை. "காலைல பட்டாளத்துக்காரன் வந்தான். சாவி கேட்டான். பூட்டி போர்டு மாட்டிட்டான், மக்கள் கடைன்னு நம்பர் போட்டு. அப்பா எதிர்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. மறுநாள் அதே கடைல க்யூல நின்னு எண்ணெய் வாங்கினோம்." இதைச் சொல்லும்போதும் அவர் கை நிற்கவில்லை. ஜல்லிக்கரண்டியால் அடுத்த ஈட்டைத் திருப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

ஊரைக் காலி செய்து வந்த கப்பலில் என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்ற சட்டம் அவருக்கு இன்றும் மனப்பாடம். தோட்டைக்கூட கழற்றச் சொன்னார்களாம். இங்கே முகாம், அப்புறம் மனை, அப்புறம் தொழில் செய்ய அரசாங்க லோன்.

நடுநிலை, அணிசேராமை என்றெல்லாம் நான் இழுத்தபோது அவர் சரி சரி என்று தலையாட்டினார். 1979இல் ஹவானா மாநாட்டில் அணிசேரா இயக்கமே சோவியத் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி பர்மா அதிலிருந்தும் வெளியேறிவிட்டது என்றேன். அது அவரை அசைக்கவில்லை. அதற்குப் பிறகு சொன்னதுதான் வேலை செய்தது: நே வின் சிறையில் போட்ட ஊ நூ பின்னால் வெளியே வந்து, நாட்டைவிட்டுப் போய், கடைசியில் நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தார். 1974இலிருந்து 1980 வரைக்கும் போபாலில்தான் இருந்தார்.

ஆயா கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊ நூவா? நம்மளை மாதிரியே வந்துட்டாரா?"

"ஆமாம் ஆயா."

"அவருக்கு லோன் குடுத்தாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பேரன் சிரித்துக்கொண்டே பேஜோவைக் கட்ட ஆரம்பித்தான். நான் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். காசு வாங்க மாட்டேன் என்றவர், கடைசியில் அறுபது ரூபாய் எடுத்துக்கொண்டார். ஆறு மணிக்குள் எழும்பூர் போகவேண்டும்.